மறு: சிகரெட் அட்டையில் நடிகை படம் – அசலா, மறுபதிப்பா?

வணக்கம். பழைய சிகரெட் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்த அட்டை; ஒன்றரை அங்குல அகலத்தில் நடிகையின் பழுப்புநிறப் படம், அடியில் 'ஸ்வீட் கேப்போரல்' என்ற சிகரெட் பெயர். அசல்தானா, லேமினேஷன் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முகத்தைப் பாருங்கள். வரிசைபிடித்த புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு, ஆசையை விட்டுவிடுங்கள். புள்ளியே இல்லாமல் கன்னத்து நிழல் சீராக மங்கிச் சென்று, அடியில் காகித நார் தெரிகிறதா? அப்படியானால் அது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த புகைப்படம். ஸ்வீட் கேப்போரல் சிகரெட்டைத் தயாரித்த நியூயார்க்கின் கின்னி நிறுவனம் 1880களில் போட்ட நடிகை அட்டைகள் அப்படிப்பட்டவை.

மெல்லிய காகிதப் பொட்டலத்தில் சிகரெட் நசுங்காமல் காத்ததும் இந்த அட்டைதான், அடுத்த பொட்டலத்தை வாங்க வைத்ததும் இதுதான். போட்டி நிறுவனமான டியூக்கும் இதே வழியில் இறங்கியது. டியூக் நிறுவனத்தைத் தொடங்கிய வாஷிங்டன் டியூக் பக்திமான்; இப்படங்கள் ஆபாசம் என்று 1894இல், தொழிலை நடத்திவந்த சொந்த மகனுக்கே கடிதம் எழுதினார். உங்கள் அட்டையில் இறுக்கமான காலுறையோடு நிற்கும் அம்மணியைப் பார்த்தால் பெரியவரின் கோபம் புரிகிறது!

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் படம் பாழாகிவிடும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. அமிலமில்லாத காகித உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.