பொழுதுபோக்கை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? – கேள்வி பதில்

வேலைக்கான நேர்காணலோ, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வோ, வெளிநாட்டில் பக்கத்து வீட்டுக்காரரோ, எங்கே போனாலும் "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உச்சரிப்பு பிடிபடட்டும் என்று ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: டீச்சர், ஒரு நேர்காணலில் 'மை ஹாபீஸ் ஆர் ஹியரிங் சாங்ஸ், சீயிங் டிவி அண்ட் ஸ்டடியிங் நாவல்ஸ்' என்று சொன்னேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். எங்கே தவறு?

பாட்டு, டிவி, நாவல் மூன்றும் சரி. அவற்றோடு வந்த வினைச்சொற்கள்தான் மூன்றும் தவறு. தமிழில் இடியோசையையும் கேட்கிறோம், இளையராஜா பாட்டையும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் தானாகக் காதில் விழுவது 'ஹியர்', மனம் வைத்துக் கேட்பது 'லிசன்'. அந்த 'லிசன்' தனியாக வராது, 'டு' என்ற துணையோடு வரும்: 'லிசனிங் டு மியூசிக்'. டிவி என்றால் 'வாட்சிங் டிவி'. படத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததை 'சீ எ ஃபிலிம்' என்றும் சொல்லலாம்.

மூன்றாவது, 'படி' என்ற நம் சொல் செய்யும் குறும்பு. பாடத்தைப் படித்தால் 'ஸ்டடி', கதையைப் படித்தால் 'ரீட்'. நாவலை 'ஸ்டடி' செய்வதாகச் சொன்னால் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். 'வாசி' என்ற சொல்லும் இப்படித்தான். புத்தகம் வாசிப்பது 'ரீடிங்', வீணை வாசிப்பது 'ப்ளேயிங் தி வீணா'.

அந்த அதிகாரி சிரித்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வேலை கேட்டு வந்தவரைப் பார்த்துச் சிரிப்பது அவருடைய பண்பு.

செவிலியர், கோவை: பிரிட்டனில் வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போகிறேன். பயிற்சியில் 'ஐ யூஸ்ட் டு ரீட் புக்ஸ், வீக்லி ஒன்ஸ் ஐ ஆம் டூயிங் கார்டனிங்' என்று சொன்னேன். இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

நான் எண்ணினால் மூன்று இடம். முதலாவது 'யூஸ்ட் டு'. நேர்காணல்களில் நம்மவர்களை இதைவிட அதிகமாகக் கவிழ்க்கும் தொடர் வேறு இல்லை. 'படிப்பது வழக்கம்' என்ற எண்ணத்தில் நாம் இதைச் சொல்கிறோம். கேட்பவர் காதிலோ 'ஒரு காலத்தில் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்' என்று விழுகிறது. விடாமல் செய்யும் பழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: 'ஐ ரீட் பிஃபோர் பெட்'.

இரண்டாவது 'ஐ ஆம் டூயிங்'. இது தற்போது நடந்துகொண்டிருப்பதற்கு உரியது. இந்த வாரம் கையில் இருக்கும் நாவலைப் பற்றி 'ஐ ஆம் ரீடிங் எ நாவல் நவ்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். வழக்கத்தைச் சொல்ல அது வேண்டாம். மூன்றாவது 'வீக்லி ஒன்ஸ்'. நம் நாட்டில் எல்லோருக்கும் புரிகிறது. லண்டனில் 'ஒன்ஸ் எ வீக்' என்பார்கள். அதே அச்சில் 'ட்வைஸ் எ மன்த்' மாதம் இருமுறை, 'எவ்ரி அதர் டே' ஒருநாள் விட்டு ஒருநாள், 'நவ் அண்ட் தென்' அவ்வப்போது.

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் 4, 5 நிமிடங்களில் வீடு, வேலை, ஆர்வங்கள் என்று பழகிய விஷயங்களைக் கேட்பார்கள். அடுத்த பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து, யோசிக்க 1 நிமிடம் தந்து, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். ஐந்து பொழுதுபோக்குகளை அடுக்கினால் இருபது விநாடியில் சரக்கு தீர்ந்துவிடும். தோட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடித் தோட்டம் 'டெரஸ் கார்டன்', நாற்று 'சீட்லிங்', தொட்டி 'பாட்', உரம் 'மெனியூர்', களை பிடுங்குவது 'வீடிங்', செடியைக் கவாத்து செய்வது 'ப்ரூனிங்'. என்ன வளர்க்கிறீர்கள், எந்தப் பூச்சி தொல்லை தருகிறது, முதல் காயை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று போனால் 2 நிமிடம் போதாது.

இன்னொன்று: கத்தரிக்காயை நாம் 'பிரிஞ்சால்' என்கிறோம். பிரிட்டனில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. வெண்டைக்கு 'ஓக்ரா'. செடி வளர்ப்பதில் கைராசி உள்ளவரைப் பிரிட்டனில் 'கிரீன் ஃபிங்கர்ஸ்' உள்ளவர் என்பார்கள். மரபுத்தொடர் அந்த ஒன்றே போதும். மனப்பாடம் செய்ததைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

பள்ளி மாணவியின் தாய், தஞ்சாவூர்: மகள் சதுரங்கம், சிலம்பம், நீச்சல் மூன்றும் கற்கிறாள். எல்லாவற்றுக்கும் 'ப்ளே' போடுகிறாள். சரியா டீச்சர்?

சதுரங்கத்துக்கு மட்டும் சரி. எதிராளியோடு மோதி வெல்லும் ஆட்டங்களுக்கும், பந்தாட்டங்களுக்கும், இசைக்கருவிகளுக்கும் 'ப்ளே'. 'இங்' என்று முடியும் பல வெளிப்புறச் செயல்களுக்கு 'கோ': 'கோ ஸ்விம்மிங்', 'கோ சைக்கிளிங்', 'கோ ட்ரெக்கிங்'. யோகா, கராத்தே, உடற்பயிற்சி, குறுக்கெழுத்து ஆகியவற்றுக்கு 'செய்' என்று பொருள்படும் 'டூ'. ஆக, அவள் 'ப்ளேஸ் செஸ்', 'டஸ் சிலம்பம்', 'கோஸ் ஸ்விம்மிங்'. சிலம்பத்துக்கு 'ப்ராக்டிசஸ்' இன்னும் அழகு. வெளியூர்க்காரர் கேட்டால் 'எ ஸ்டிக்-ஃபைட்டிங் மார்ஷியல் ஆர்ட் ஃப்ரம் தமிழ்நாடு' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லட்டும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து சதுரங்கச் சொற்களைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பலகையின் யானை ஆங்கிலத்தில் யானை இல்லை, 'ரூக்'. குதிரையும் 'ஹார்ஸ்' இல்லை, 'நைட்'. அந்தச் சொல்லின் முதல் எழுத்தான 'கே' வாயைத் திறக்காது. சிப்பாய் 'பான்', மந்திரி 'பிஷப்'.

இல்லத்தரசி, மதுரை: கோலம் போடுவேன், தைப்பேன், நூல் பின்னுவேன், புதிது புதிதாகச் சமைப்பேன். மகனின் அலுவலக நண்பர்கள் வந்தபோது 'நோ ஹாபீஸ்' என்று சொல்லிவிட்டேன். இதெல்லாம் பொழுதுபோக்கில் சேருமா அம்மா?

சேராமல்? நாள் முழுக்க வீட்டு வேலை பார்ப்பவர் மிச்ச நேரத்தில் விரும்பிச் செய்வதற்குப் பெயர் என்ன! ஆண்கள் அஞ்சல் தலை சேர்த்தால் 'ஹாபி', பெண்கள் பூவேலை செய்தால் வீட்டு வேலை என்று யார் சொன்னது?

தையலில் கவனியுங்கள். 'டெய்லரிங்' தொழில். உங்களுக்காகத் தைத்துக்கொள்வது 'சோயிங்'. எழுத்தைப் பார்த்து 'செவிங்' என்று படித்துவிடாதீர்கள். பூவேலை 'எம்ப்ராய்டரி'. நூல் பின்னுவதில் இரண்டு ஊசி பிடித்தால் 'நிட்டிங்', ஒரே கொக்கி ஊசி என்றால் 'குரோஷே', கடைசியில் 'ட்' ஒலி கிடையாது. சமையலுக்கு 'ஐ என்ஜாய் குக்கிங்' அல்லது 'ஐ லைக் ட்ரையிங் நியூ ரெசிபீஸ்'. 'ஐ ஆம் எ குட் குக்' என்று பெருமையாகச் சொல்லுங்கள். 'குக்கர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விசில் வந்துவிடும்.

கோலத்தை மொழிபெயர்க்க வேண்டாம், விளக்குங்கள்: 'ஐ டிரா கோலம்ஸ். தே ஆர் பேட்டர்ன்ஸ் வீ மேக் அட் தி டோர்ஸ்டெப் வித் ரைஸ் ஃப்ளவர்.' மாவுக்கும் பூவுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். முன்னால் 'ரைஸ்' இருப்பதால் குழப்பம் வராது. புள்ளிக் கோலம் என்றால் 'அரவுண்ட் எ கிரிட் ஆஃப் டாட்ஸ்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இளைஞர், மட்டக்களப்பு: ரீச்சர், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மீன்பிடி தொழில். எனக்கு ஞாயிறு மாலையில் வாவியில் தூண்டில் போடுவது பொழுதுபோக்கு. இரண்டுக்கும் 'ஃபிஷிங்' என்றே சொல்வதா?

சொல்லலாம், ஆனால் வித்தியாசம் தெரியச் சொல்ல வழி உண்டு. அப்பா 'ஃபிஷஸ் ஃபார் எ லிவிங்'. நீங்கள் 'கோ ஃபிஷிங் ஆன் சண்டேஸ்'. தூண்டிலால் பிடிப்பதற்கென்றே 'ஆங்லிங்' என்று ஒரு சொல் இருக்கிறது, வலைக்கு அது பொருந்தாது. வாவி 'லகூன்', தூண்டில் முள் 'ஹுக்', இரை 'பெய்ட்'. வெறுங்கையோடு திரும்பிய நாளில் 'ஐ டிட்ன்ட் கேட்ச் எனிதிங்'.

ஐ.டி. ஊழியர், சென்னை: 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்' தவறாமே?

ஆம். 'நான் சுவாரசியமானவன்' என்று உங்களையே புகழ்ந்துகொண்டதாக ஆகிவிடும். விளையாட்டு 'இன்ட்ரஸ்டிங்', நீங்கள் 'இன்ட்ரஸ்டட்'. கூடவே வரும் சிறு சொற்களைப் பிரிக்காமல் பழகுங்கள்: 'இன்ட்ரஸ்டட் இன்', 'குட் அட்', 'ஃபாண்ட் ஆஃப்', 'கீன் ஆன்'. நண்பர்களிடம் 'ஐ ஆம் இன்டு கிரிக்கெட்' போதும்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருச்சி: அஞ்சல் தலை சேர்க்கிறேன். அதன் பெரிய ஆங்கிலப் பெயரை எப்படி உச்சரிப்பது? 'டைம்பாஸ்' என்று சொன்னால் வெளிநாட்டுப் பேரன் விழிக்கிறான்.

'ஃபிலாட்டலி', அழுத்தம் 'லா'வில். 1864-இல் ஜார்ஜ் எர்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது. நாணயம் சேர்ப்பது 'நியூமிஸ்மேட்டிக்ஸ்'. பேச்சில் 'ஐ கலெக்ட் ஸ்டாம்ப்ஸ்' என்பதே இயல்பு, பெரிய பெயரைக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேரனிடம் பேச்சை வளர்க்க வேண்டுமானால் 1852-இல் சிந்துப் பகுதியில் வெளியான 'சிந்த் டாக்', ஆசியாவின் முதல் அஞ்சல் தலை, அதிலிருந்து தொடங்குங்கள். 'டைம்பாஸ்' நம் நாட்டுச் சரக்கு. அவனுக்குப் புரிய 'ஜஸ்ட் டு பாஸ் தி டைம்' என்று சொல்லுங்கள். 'பாஸ்டைம்' என்ற பெயர்ச்சொல்லில் 'எஸ்' ஒன்றுதான், 'டி'யும் ஒன்றுதான்.

குடிமைப் பணித் தேர்வர், சேலம்: விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு கேட்கிறார்கள். 'பேர்ட் வாட்சிங்' என்று போட்டால் மதிப்பாக இருக்கும் என்கிறார் நண்பர். நான் பறவை பார்த்ததில்லை.

போடாதீர்கள். ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275 மதிப்பெண். வேடந்தாங்கலுக்கு எந்த மாதம் போனீர்கள், நத்தைக்குத்தி நாரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? சீசன் தோராயமாக நவம்பர் முதல் மார்ச் வரை, பெயர் 'ஓப்பன்பில் ஸ்டார்க்'. இதைப் படித்துவிட்டுப் போகலாம் என்று எண்ண வேண்டாம், அடுத்த கேள்வி வரும். மாலையில் நண்பர்களோடு கேரம் ஆடினால் 'ப்ளேயிங் கேரம்' என்று எழுதுங்கள். 'ஸ்ட்ரைக்கர்', 'பாக்கெட்', சிவப்புக் காய்க்குக் 'குயின்' என்று சொற்கள் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன.

கடை ஊழியர், ஈரோடு: காலை ஒன்பதுக்குப் போனால் இரவு பத்துக்கு வருகிறேன். எனக்குப் பொழுதுபோக்கே இல்லை. கேட்டால் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள்: 'ஐ டோன்ட் கெட் மச் ஃப்ரீ டைம்.' அங்கேயே நிறுத்தினால் பேச்சு முடிந்துவிடும், ஆகையால் பின்னால் ஒரு 'பட்' சேர்த்து, விடுமுறை நாளில் செய்வதைச் சொல்லுங்கள். தூங்குவதானாலும் பரவாயில்லை: 'பட் ஆன் மை டே ஆஃப், ஐ லைக் டு ஸ்லீப் லேட் அண்ட் டேக் மை கிட்ஸ் டு தி பார்க்.' பிள்ளைகள் இல்லையென்றால் பூங்காவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.