சிந்தசைசரில் வாசித்ததை இணைப்பு தெரியாத லூப் ஆக்குவது எப்படி?

கேள்வி: சிந்தசைசரில் வாசித்த எட்டு நொடிப் பகுதியை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘டக்’ என்று கேட்கிறது. ஜீரோ கிராஸிங்கில் வெட்டிப் பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

ஜீரோ கிராஸிங்கில் வெட்டச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடக்கிறது. தவறான அறிவுரை இல்லை, அரைகுறையானது. அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் மட்டும் போதாது. அது எந்தத் திசையில் கோட்டைக் கடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லூப்பின் கடைசியில் அலை மேல்நோக்கிக் கடந்தால், தொடக்கத்திலும் மேல்நோக்கியே கடக்க வேண்டும். ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கினால், இணைப்பில் ஒரு முறிவு விழும். அதுதான் உங்கள் ‘டக்’. ஸ்டீரியோ பதிவு என்றால் இன்னும் சங்கடம்: இடப்பக்கம் கோட்டைத் தொடும் நொடியில் வலப்பக்கம் உச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆடாசிட்டியில் இசட் விசையை அழுத்தினால் அருகிலிருக்கும் நல்ல இடத்தைத் தேடித் தரும். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் இடம் எப்போதும் இருப்பதில்லை.

‘டக்’ போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இணைப்பு காதுக்குத் தெரியும். காரணம் ரிவெர்ப், அதாவது சுரம் நின்ற பிறகும் நீளும் முழக்கம். எட்டாவது நொடியில் நீங்கள் வாசித்த கடைசிச் சுரத்தின் முழக்கம், ஒன்பதாவது, பத்தாவது நொடி வரை நீள வேண்டியது. நீங்கள் கத்தரித்ததும் அது அறுந்துபோகிறது. லூப்பின் முதல் நொடியோ முழக்கம் எதுவும் இல்லாமல் வறண்டு தொடங்குகிறது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இந்தக் குறை தீராது. ஏனென்றால் பிழை வெட்டிய இடத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது.

ஆகவே ஒரே பகுதியை நிறுத்தாமல் மூன்று ஆவர்த்தனம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். நடு ஆவர்த்தனத்தை மட்டும் எடுங்கள். அதன் தொடக்கத்தில் முந்தைய சுற்றின் முழக்கம் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் முடிவு அடுத்த சுற்றை நோக்கி இயல்பாக நகர்ந்துகொண்டிருக்கும். கையால் வாசித்தால் சுற்றுக்குச் சுற்று சிறிது மாறும் என்பதால், வாசித்ததை மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாக) பதிந்து அதையே மூன்று முறை அடுக்கி ஓடவிடுவது நல்லது. கணினிக்குள்ளேயே வேலை முடிகிறது என்றால் இன்னும் எளிது. ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது ‘ரெண்டர் அஸ் லூப்’ என்றொரு தேர்வு உண்டு. அது பகுதியை இரண்டு முறை ஓட்டி, முதல் முறையைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் கோப்பில் எழுதும். ரீப்பர் மென்பொருளிலும் ‘செகண்ட் பாஸ் ரெண்டர்’ என்று இதே வசதி இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களே இதற்கென்று ஒரு பெட்டியைத் தனியாக வைத்திருக்கிறார்கள் என்றால், தேவை எவ்வளவு பொதுவானது என்று பாருங்கள்.

அடுத்தது நீளம். கண்ணால் அலையைப் பார்த்து வெட்டாதீர்கள். கணக்குப் போட்டு வெட்டுங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற பதிவில், டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் ஒரு அடி 22,050 சாம்பிள். பதினாறு அடி, அதாவது நான்கு பார், 3,52,800 சாம்பிள். சரியாக எட்டு நொடி. 90 டெம்போவில் ஒரு அடி 29,400. இவை முழு எண்களாக வருவதால் தலைவலி இல்லை. 110 வைத்தால் ஒரு அடி 24,054.5 என்று பின்னமாக வரும். அந்தப் பின்னம் காதுக்குத் தெரியாது. ஆனால் தாளத்துக்கு ஒரு லூப், பாஸுக்கு ஒரு லூப் என்று தனித்தனியே கையால் வெட்டி, இரண்டுக்கும் பத்து சாம்பிள் வித்தியாசம் வந்துவிட்டால், எட்டு நொடி லூப் ஒரு மணி நேரத்தில் 450 முறை சுற்றும். 4,500 சாம்பிள் விலகியிருக்கும். அது பத்தில் ஒரு நொடி. தாளம் தடுமாறுவது யாருக்கும் கேட்கும்.

இனி சிந்தசைசருக்கே உரிய தொல்லை. நீண்டு ஒலிக்கும் பேட் வகை ஒலிகளில் எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை ஒன்று, ஒலியை வடிகட்டும் ஃபில்டரை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அது 0.3 ஹெர்ட்ஸில் ஓடினால் எட்டு நொடியில் 2.4 சுற்று. லூப் திரும்பும்போது பாதி வழியில் இருக்கும் ஒலி திடீரென்று தொடக்கத்துக்குத் தாவும். 0.25 என்று வைத்தால் சரியாக இரண்டு சுற்று, தாவல் இல்லை. டெம்போவோடு பூட்டிவிடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எல்எஃப்ஓ ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருதி விலக்கி வைத்த இரண்டு ஆஸிலேட்டர்களுக்கும் (சிந்தசைசரில் அலையை உருவாக்கும் பகுதிகள்) இதே கணக்குதான். ஒன்று 220, மற்றொன்று 220.25 ஹெர்ட்ஸ் என்றால், நான்கு நொடிக்கு ஒருமுறை ஒலி பெருகி அடங்கும். எட்டு நொடியில் ஒன்று 1,760 அலை, மற்றொன்று 1,762 அலை, இரண்டும் முழுதாக முடியும். எட்டு நொடி லூப்பில் 0.125-இன் மடங்காக இருக்கும் எந்த அதிர்வெண்ணும் இப்படிப் பொருந்தும். 293.66 ஹெர்ட்ஸ் ‘டி’ சுரம் 2,349 அலையை முடித்துவிட்டுக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். அதை 293.625 ஆகக் குறைத்தால் மிச்சம் போய்விடும். சுருதி குறைந்ததை எந்த வித்வானும் கண்டுபிடிக்க மாட்டார். பயிற்சிக்குச் சுருதி லூப் செய்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

ஆனால் இவ்வளவும் மென்பொருள் சிந்தசைசரில்தான் நடக்கும். பழைய அனலாக் கருவி சூடேறச் சூடேறச் சுருதி நகரும். அதனிடம் மூன்று தசமத் துல்லியம் கேட்பது வீண். ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் எஃபெக்டும் தன்போக்கில்தான் சுற்றும். அங்கே எனக்குப் பிடித்த வழி, பாதியை மாற்றிப் போடுவது. எட்டு நொடி லூப் வேண்டும் என்றால் ஒன்பது நொடியை எடுங்கள். நடுவில், 4.5 நொடியில், வெட்டுங்கள். பின்பாதியை முன்னே வையுங்கள். முன்பாதியை வேறொரு டிராக்கில் அதன் பின்னே, ஒரு நொடி மேலேறியிருக்குமாறு வையுங்கள். அந்த ஒரு நொடியில் கிராஸ்ஃபேட் கொடுங்கள், அதாவது ஒன்று மெல்ல அடங்க மற்றொன்று மெல்ல எழட்டும். ஆடாசிட்டியில் ‘கிராஸ்ஃபேட் டிராக்ஸ்’ அதைச் செய்துதரும். இப்போது லூப்பின் இரண்டு முனைகளும் பதிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே இடம். அங்கே தானாகவே பொருந்தும். ஒட்டுப்போட்ட இடம் நடுவுக்கு வந்துவிட்டது. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்து மெல்ல மறைக்கலாம்.

கிராஸ்ஃபேடில் இரண்டு வகை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளை நேர்கோட்டில் கலந்தால் நடுவில் 3 டெசிபெல் குழி விழும். அதற்கு ‘கான்ஸ்டன்ட் பவர்’ வளைவு. இரண்டு பக்கமும் அலையோடு அலை ஒத்துப்போகிற ஒலி என்றால் அதே வளைவு நடுவில் மேடு தட்டும். அங்கே நேர்கோடுதான் சரி. டேப் காலத்துப் பொறியாளர்கள் நாடாவை 45 டிகிரி சாய்த்து வெட்டி ஒட்டியதும் ஒரு கிராஸ்ஃபேட்தான். கால் அங்குல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், அந்தச் சாய்வு ஏறக்குறைய 17 மில்லிநொடி. ‘டக்’ சத்தத்தை விழுங்க அது போதும், பேட் ஒலியின் தாவலை மறைக்கப் போதாது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கோப்பை எம்பி3-ஆகச் சேமித்தால் உழைப்பெல்லாம் வீண். அந்த வடிவம் ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக நறுக்குகிறது. முன்னால் கொஞ்சம் வெற்றொலி சேரும், கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் பின்னாலும் சேரும். வேவ், ஃப்ளாக் இரண்டில் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி விளையாட்டுகளுக்கு ஆக் வோர்பிஸ் வடிவம் போதும். பலர் இணைப்பில் கேட்கும் சிறு இடைவெளிக்கு வெட்டு காரணமே இல்லை, கோப்பு வடிவம்தான்.

எல்லாம் பொருந்திய பிறகும் ‘இதோ மறுபடி வந்துவிட்டது’ என்று மனம் எண்ணத் தொடங்கினால், லூப்புக்குள் தனியாகத் துருத்தி நிற்கும் ஓர் ஒலியைத் தேடுங்கள். ஒரு கீச்சு, ஓர் அழுத்தமான சுரம். அதை எடுத்துவிடலாம், அல்லது வேறு டிராக்கில் வேறு நீளத்தில் வைக்கலாம். ஒன்று ஏழு பார், மற்றொன்று எட்டு பார் என்றால், இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவது 56 பாருக்குப் பிறகுதான். உங்கள் எட்டு நொடிப் பகுதி நான்கு பார் என்றால், அது கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்.