மலேசியாவில் பழைய சீனக் கோப்பிக் கடைக்குப் போனால் என்ன மீ (நூடுல்ஸ்) சாப்பிடலாம், எப்படிக் கேட்பது?

நான் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்காரன். சனிக்கிழமை காலையில் அப்பா என்னைப் பசியாற அழைத்துப் போவது பழைய டவுனில் இருந்த ஒரு சீனக் கோப்பிக் கடைக்குத்தான். தோசைக்கடை வழியிலேயே இருக்கும், அதைத் தாண்டித்தான் போவோம். ‘முதல்முறை மலேசியா வருகிறேன், சீனக் கடையில் மீ சாப்பிட ஆசை, ஆனால் கூச்சமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். கடை நடக்கிற விதம் மட்டும் புரிந்தால் போதும்.

உள்ளே போனதும் மெனு அட்டையைத் தேடாதீர்கள். பார்க்க ஒரே கடை மாதிரி இருக்கும், உள்ளுக்குள் ஐந்தாறு கடை. கட்டடமும் கோப்பியும் தவ்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. மீ போடுகிறவர்கள் அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, பெரும்பாலும் ஒரே ஒரு பதார்த்தம். பிடித்த வண்டிக்கு நேராகப் போய் வேண்டியதைச் சொல்லிவிட்டு, உங்கள் மேசையைக் கையால் காட்டிவிட்டு வந்து உட்காருங்கள். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க வேறு ஆள் வருவார். மீ வரும்போது மீக்காரருக்கு, கோப்பி வரும்போது கோப்பிக்காரருக்கு என்று காசைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மீ மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒன்றுமே குடிக்காமல் எழுந்தால் தவ்கே முகம் சுருங்கும். பாவம், அவருக்கு வருமானமே அதில்தானே.

‘கோப்பி’ என்றால் டின்பால் போட்டது. ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை போட்டது. சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. ஈப்போவில் வெள்ளைக் கோப்பி கேளுங்கள். மற்ற இடங்களில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். இங்கே சர்க்கரையை விட்டுவிட்டு மார்ஜரினில் மட்டும் வறுப்பதால் கொட்டை அவ்வளவு கறுக்காது. பெயர் வந்தது அதனால்தான்.

சரி, மீ. ஈப்போ வந்தால் முதல் கிண்ணம் ‘காய் சீ ஹோர் ஃபன்’ ஆக இருக்கட்டும். கான்டனீஸ் என்ற சீன வட்டார மொழியில் பிய்த்த கோழியும் அரிசி மாவுப் பட்டை மீயும் என்று அர்த்தம். ஹொக்கியன் என்ற இன்னொரு சீன வட்டார மொழிக்காரர்கள் கொய்த்தியாவ் என்று சொல்வதும் இந்த ஹோர் ஃபன்னைத்தான். ஈப்போவில் அது மெல்லிசாக, வழுவழு என்று இருக்கும். ஊரைச் சுற்றியிருக்கிற சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் காரணம் என்று ஈப்போக்காரர்கள் பெருமையாகச் சொல்வோம். கோழி எலும்பும் இறால் ஓடும் போட்டுக் கொதிக்க வைத்த தெளிந்த சூப், மேலே செம்மஞ்சளாக மிதக்கிற இறால் எண்ணெய், பாதியாக வகுந்த இறால், நறுக்கிய கூச்சாய் என்கிற பூண்டு வாசனைக் கீரை. அப்பா மீயைத் தொடுவதற்கு முன் நாலு கரண்டி சூப் குடித்துவிடுவார். நான் முதலிலேயே மிளகாயைக் கலக்கினால், ‘அவன் விடிய முன்ன எழுந்து காய்ச்சினதைக் கெடுக்காதேடா’ என்பார். இன்றைக்கும் மிளகாயைத் தனித் தட்டில்தான் வைத்துக்கொள்கிறேன்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். வேலைக்குக் கோலாலம்பூர் போன புதிதில் ஹொக்கியன் மீ என் உயிர். தடித்த மஞ்சள் மீயைக் கறுப்புச் சோயாவில் புரட்டி, பன்றிக் கொழுப்புப் பொரியல் தூவித் தருவார்கள். பார்க்கத் தார் ஊற்றிய மாதிரி இருக்கும், ருசி அபாரம். அந்த நினைப்பில் பினாங்கு போய் ஹொக்கியன் மீ கேட்டேன். சிவப்பாக ஒரு இறால் சூப், அதில் மஞ்சள் மீயும் மீகூன் என்கிற மெல்லிய அரிசி சேமியாவும் கலந்து, அரை முட்டை, கங்கோங் கீரை என்று வந்தது. மேசை மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கொண்டுவந்த ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்து, ‘தம்பி, கே.எல்லா?’ (கோலாலம்பூரா) என்று ஒரே கேள்விதான் கேட்டார். பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

சார் கொய்த்தியாவ், அதாவது வறுத்த கொய்த்தியாவ், சாப்பிட நினைத்தால் வண்டிக்காரரின் கையைக் கவனியுங்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு தட்டாக வறுக்கிறாரா, ஐந்து தட்டை மொத்தமாகப் போடுகிறாரா? வாணலி நெருப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். அதில் பூண்டு, கொய்த்தியாவ், முளைப்பயறு, இறால், முட்டை, கடைசியில் கூச்சாயும் கிராங் சிப்பியும். ஒரு தட்டு அளவு போட்டால்தான் சூடு இறங்காமல் லேசான கருகல் வாசனை ஏறும். வாணலியை நிறைத்தால் எல்லாம் வெந்துவிடும், வறுபடாது. இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னாலும் ஒற்றைத் தட்டுக்காரரிடமே போங்கள்.

நம் ஆட்களுக்கு உடனே ஒத்துப்போவது கறி மீ. தேங்காய்ப்பால் குழம்பில் மசாலாத்தூள், சில இடங்களில் கறிவேப்பிலைகூட இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் வீட்டு அடுப்பங்கரைதான். ஆனால் பினாங்குப் பக்கம் அதில் பன்றி ரத்தக் கட்டிகளையும் போடுவதுண்டு, வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சைவமா? அப்படியென்றால் ‘இறைச்சி வேண்டாம், மீ மட்டும் போடுங்கள்’ என்று கேட்டு ஏமாறாதீர்கள். சூப்பே எலும்பு, வறுக்கிற எண்ணெய் பல வண்டிகளில் பன்றிக் கொழுப்பு. சில கடைகளில் சைவத்துக்கென்றே தனி வண்டி இருக்கும். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்கள் பலரும் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு அங்கே கூட்டம் தாங்காது. மாடு சாப்பிடாதவர்களும் ‘இது என்ன சூப்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், எட்டரைக்குள் போய்விடுங்கள். நல்ல வண்டியில் மதியத்துக்கு முன்பே சட்டி காலி. மேசை கிடைக்காவிட்டால் தனியாக உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாரிடமாவது ‘போலே டூடோக், அங்கிள்?’ என்று கேளுங்கள், மலாயில் உட்காரலாமா என்று அர்த்தம். பேச மாட்டார். விரித்திருந்த பேப்பரை நாலாக மடித்து, தன் கோப்பிக் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். உங்கள் கிண்ணம் வைக்க இடம் கிடைத்துவிடும்.