ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் காப்புப் பொருள்களை மிஞ்சும் நிலை) தமனிச் சுவரில் உள்ள எல்டிஎல் துகளை, அதாவது இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகளை, எப்படி மாற்றுகிறது? வைட்டமின் ஈ மாத்திரை அதைத் தடுக்குமா?

உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் முதலில் இடத்தைத் தெளிவுபடுத்துகிறேன். இந்த மாற்றம் பெரும்பாலும் ஓடும் இரத்தத்தில் நடப்பதில்லை. அங்கே வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்ற காப்புப் பொருள்கள் போதிய அளவில் உள்ளன. ஏறத்தாழ 22 நானோமீட்டர் விட்டமுள்ள எல்டிஎல் துகள் தமனியின் உட்படலத்துக்குள் நுழைந்து, அதன் மேலுள்ள அபோ பி-100 புரதத்தின் நேர்மின் பகுதிகள் அங்குள்ள எதிர்மின் கொண்ட புரோட்டியோகிளைக்கான்களில் (சர்க்கரைச் சங்கிலிகள் கொண்ட புரதங்களில்) ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் தங்கிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அங்கே மைலோபெராக்சிடேஸ், லிப்பாக்சிஜனேஸ் போன்ற நொதிகளும் செல்கள் வெளியிடும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் துகளில் உள்ள லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தாக்குகின்றன. டப்பாவில் நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதும் இதே வேதிவினைதான். சிதைந்த கொழுப்பு அமிலங்களிலிருந்து உருவாகும் ஆல்டிஹைடுகள் அபோ பி-100-இன் லைசின் என்ற அமினோ அமிலங்களில் ஒட்டி அவற்றின் நேர்மின்னை அழித்துவிடுவதால், செல்லின் மேல் இருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் புரதமான வழக்கமான எல்டிஎல் ஏற்பிக்கு அந்தத் துகளை அடையாளம் தெரிவதில்லை. மாறாக, கழிவுகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ் செல்களின் துப்புரவு ஏற்பிகள் அதைப் பிடித்து உள்ளிழுக்கின்றன. என் பார்வையில், தமனிச் சுவரில் கொழுப்பு படியும் நோயின் மையம் இதுவே: செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் எல்டிஎல் ஏற்பிகளின் எண்ணிக்கை குறையும், துப்புரவு ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. செல் கொலஸ்ட்ராலால் உப்பி, நுரை போலத் தோன்றும் நுரைச்செல்லாகிறது. எல்டிஎல் ஏற்பியே இல்லாமல் பிறந்தவர்களுக்கும் நுரைச்செல்கள் உருவாவது ஏன் என்ற புதிருக்கு, வேதிமுறையில் மாற்றப்பட்ட எல்டிஎல்லை மேக்ரோபேஜ்கள் தாராளமாக விழுங்குவதை 1979-இல் கண்ட, எல்டிஎல் ஏற்பியைக் கண்டறிந்த கோல்ட்ஸ்டீன், பிரவுன் குழுவினரே வழி காட்டினர்.

ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்கலாம். பிரித்தெடுத்த எல்டிஎல் கரைசல் கரோட்டினாய்டுகளால் இளமஞ்சளாக இருக்கும். அதில் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் தாமிர உப்பைச் சிறிது சேர்த்து, ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு உறிஞ்சும் 234 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால், முதலில் வரைகோடு ஏறக்குறைய தட்டையாகவே போகும். துகளுக்குச் சுமார் ஆறு மூலக்கூறுகளே உள்ள வைட்டமின் ஈ அந்த நேரத்தில் தன்னையே செலவழித்துக்கொண்டிருக்கும். அது தீர்ந்ததும் கோடு செங்குத்தாக ஏறும்; கரைசலின் நிறமும் வெளுத்துவிடும்.

இந்தத் தட்டையான பகுதியை நீட்டினால் நோயைத் தடுத்துவிடலாம் என்றுதான் மாத்திரை ஆலோசனை பிறந்தது. ஆய்வகத்தில் அது நீளவும் செய்தது. மனிதரிடம் பலிக்கவில்லை. பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான இதயக் காப்பு ஆய்வில், தினமும் 600 மில்லிகிராம் வைட்டமின் ஈயுடன் வைட்டமின் சியும் பீட்டா கரோட்டினும் கொடுத்தபோது இரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு ஏறக்குறைய இரட்டித்தது. மாரடைப்போ மரணமோ குறையவில்லை. இரத்தத்தில் கூடிய வைட்டமின், சுவருக்குள் நொதிகள் நடத்தும் வினையை நிறுத்தவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். அதே ஆய்வில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டினை 40 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, சுவருக்குள் நுழையும் எல்டிஎல்லே குறைந்ததால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன.