மொட்டை முருங்கை

அன்புள்ள ஐயா,

வர்தா புயலில் எங்கள் குடியிருப்பில் மூன்று மரங்கள் போயின. பிறகு கன்றுகள் நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி டைல்ஸ் பதித்து அழகாகத் தொட்டி கட்டினோம். பாதிகூடத் தேறவில்லை. இப்போது மியாவாக்கி முறையில், கன்றுகளை நெருக்கி நட்டுக் குறுங்காடு போடலாமா என்று சங்கத்தில் பேச்சு. பறவைகள் திரும்பிவர என்ன மரங்கள் நடலாம்? பட்டியல் தருவீர்களா? பட்டுப்போன முருங்கை ஒன்றை மட்டும் வெட்ட வேண்டியிருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல்தானே? பூவரசு, புங்கை, நாவல், மகிழம். நர்சரியில் கேட்டால் இன்னும் பத்துச் சொல்வார்கள். மியாவாக்கியா, இடமும் தண்ணீரும் இருந்தால் செய்யுங்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடைசி வரி.

2016 டிசம்பர் 12, வர்தா சென்னையைத் தாக்கிய நாள். ஜெயலலிதா இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ஊரே ஓய்ந்து கிடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. எங்கள் தெரு குல்மொகர் மதியமே சாய்ந்தது. மறுநாள் வேரைப் போய்ப் பார்த்தேன். சதுரமாக இருந்தது. ஆமாம், சதுரம். நடைபாதை போட்டவர்கள் சிமென்ட் பூசி விட்டுவைத்த குழி எவ்வளவோ, வேரும் அவ்வளவே. ஒரு பக்கம் வடிகாலுக்காக வெட்டியும் இருந்தார்கள். "மடகாஸ்கர் மரம் சார், நிக்காது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதே சிமென்ட்டில் நின்ற வேம்பும்தான் எதிரே விழுந்து கிடந்தது! உங்கள் கன்றுகள் ஏன் தேறவில்லை என்று இனியும் நான் சொல்ல வேண்டுமா?

என் வீட்டு முருங்கை பாதியில் முறிந்து, பிறகு பட்டுப்போனது. ஆள் கூப்பிடச் சோம்பல், விட்டுவிட்டேன். பிப்ரவரியில் ஒரு காலை, ஸ்கூட்டர் சீட்டில் மரத்தூள். அண்ணாந்தால் செம்மார்புக் குக்குறுவான் என்ற சின்னப் பறவை, கிளையின் அடிப்பக்கம் தொற்றிக்கொண்டு கொத்துகிறது. சில நாளில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை. காம்பஸ் வைத்தாலும் எனக்கு அப்படி வராது. அதற்குப் பட்டுப்போன, உளுத்த கிளைதான் தோது. மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் துளைக்கவே வராது, கிடைத்த பொந்துதான் வீடு. புயல் கழிந்த கையோடு பட்டது, முறிந்தது எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, பறவைகள் எங்கே என்று கேட்டால்? நீங்கள் நடும் நாவலில் பொந்து விழ எத்தனை வருஷம் ஆகும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். மரத்துக்காகக் கடிதம் எழுதுகிற ஆள் என்பதால்தான் திட்டுகிறேன். ஆள் நடமாடும் பக்கம் நீண்டிருக்கும் கிளையை மட்டும் கழியுங்கள், அடிமரம் உறுதியாக இருந்தால் நிற்கட்டும். அப்புறம், அந்த டைல்ஸை எப்போது பெயர்க்கப் போகிறீர்கள்?