பை என்ன கலரு?

அண்ணே, வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊரு. பெரியப்பா தோட்டத்துக்குப் போற வண்டிப்பாதைய பக்கத்து தோட்டத்துக்காரரு வேலி போட்டு அடைச்சுட்டாரு, கேஸ் நடக்குது. அவரு வசதியானவரு, எங்களுக்கு ஒண்ணுமில்ல. வேலி போட்டத நேர்ல பாத்தேன்னு என்னைய சாட்சி சொல்லச் சொல்லி சொந்தக்காரங்க நெருக்குறாங்க. அன்னைக்கு நான் திருப்பூர்ல இருந்தேன். வேதத்துல எரிகோ ஊரு ராகாப் பொய் சொல்லித்தானே இஸ்ரவேல் வேவுகாரங்கள காப்பாத்துனா, அவள வேதமே பாராட்டுதே? நியாயத்துக்காக சொல்ற பொய்யும் பாவமா?

தம்பிக்கு,

ராகாப்ப விடுங்க, அவ கூண்டுல ஏறி சத்தியம் பண்ணல. கட்டளை 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக'ன்னு இருக்கு. அந்தப் பிறன் உங்க பெரியப்பா இல்ல, வேலிக்காரரு. 'எங்களுக்கு ஒண்ணுமில்ல'ங்கிறதும் எடுபடாது, வழக்குல ஏழைக்குக்கூட முகம் பாக்காதேன்னு யாத்திராகமம் 23லயே இருக்கு, அதப் படிச்சிருந்தா எனக்கு லெட்டரே போட்டிருக்க மாட்டீங்க.

எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துருச்சு. மதுரைக்கு வடக்க ஒரு டவுன்ல ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல டீக்கடை. ஏட்டு வந்து பேப்பர நீட்டுவாரு, மாமா ஈரக்கைய வேட்டியில தொடச்சுட்டு கையெழுத்துப் போடுவாரு, எதுக்குன்னு கேக்க மாட்டாரு, கடை நடக்கணும்ல. மகஜருக்கு, அதான் பொருள எங்க எப்படிப் புடிச்சோம்னு போலீஸ் எழுதுற பேப்பருக்கு, சாட்சியா உள்ளூர் ஆளு ரெண்டு பேரு வேணும், ஒண்ணு மாமா, இன்னொண்ணு பக்கத்து சைக்கிள் கடைக்காரரு. இந்த ரெண்டு பேரு கணக்கு ரொம்பப் பழசு தம்பி. ஒத்த ஆளு சாட்சி செல்லாது, ரெண்டு மூணு பேரு வேணும்னு உபாகமம் 19ல வச்சதே அப்பாவி மாட்டக்கூடாதுன்னுதான். ஆகாப் ராஜா பொண்டாட்டி யேசபேல் என்ன பண்ணுனா, நாபோத்துங்கிறவனோட திராட்சத்தோட்டத்தப் புடுங்க சட்டப்படியே ரெண்டு போக்கிரிகள பொய்ச்சாட்சிக்கு ஏற்பாடு பண்ணிட்டா, அவன கல்லாலயே அடிச்சுக் கொன்னாய்ங்க. அதுவும் நிலத்தகராறுதான், பாத்துக்கங்க.

அதனாலயே உபாகமம் 17:7 மேல எனக்கு ஒரு கிறுக்கு, வீட்டுல கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க. கொலைத்தண்டனைன்னா சாட்சி சொன்னவன் கைதான் மொதக் கல்ல எறியணும். சொல்லிப்புட்டு கோர்ட்டு வாசல்ல ஜிகர்தண்டா குடிச்சுட்டு பஸ் ஏற முடியாது. பொய்னு தெரிஞ்சா அடுத்தவனுக்கு என்ன செய்ய நெனச்சானோ அது அவனுக்கே. நம்ம சட்டத்துலயும் கோர்ட்டுல பொய்ச்சாட்சின்னா 7 வருஷம் வரைக்கும் இருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 193, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 229. யாரு நம்ம மேல போடப்போறாங்கன்ற தைரியம்தான் உங்க சொந்தக்காரங்களுக்கு.

மாமா கையெழுத்துப் போட்ட ஒரு கஞ்சா கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. கூண்டுல நின்னவன் தெனமும் கடையில பன்ன டீயில நனைச்சுத் திங்கிற பய. எதிர் வக்கீலு "பை என்ன கலரு?"ன்னாரு. மாமா மஞ்சள்னாரு. வெளிய உக்காந்திருந்த சைக்கிள் கடைக்காரர கூப்புட்டா அவரு நீலம்ங்கிறாரு. (சூசன்னாங்கிற பொண்ணு மேல பொய்ப்பழி போட்ட ரெண்டு கிழவங்களையும் பிரிச்சு வச்சு, எந்த மரத்தடியில பாத்தீங்கன்னு தானியேல் கேட்டானே, கத்தோலிக்க பைபிள்ல தானியேல் 13ஆம் அதிகாரம், அதே வேலை.) பய விடுதலை. ஆனா அதுக்குள்ள ஏழு மாசம் உள்ள இருந்துட்டான்.

ஒரு வாரம் கழிச்சு கடைக்கு வந்தான். மாமாவால டீ ஆத்த முடியல, பாதி கீழ ஊத்துது. அவன் பன்ன நனைச்சு நிதானமா தின்னுட்டு காச பாய்லர் பக்கத்துல வச்சுட்டு, "ஆமா, அந்தப் பை என்ன கலருண்ணே?"ன்னான். கோவமா இல்ல, தெரிஞ்சுக்கிறவன் மாதிரிதான். மாமா அந்த மாசமே கடைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாத்திட்டாரு.

நீங்க தாலுகா ஆபீஸ்ல எஃப்எம்பி, அதான் நில அளவு வரைபடம், வாங்கி பாதை அதுல இருக்கான்னு பாருங்க. வேலி போட்டத நெசமா பாத்த ஆளு எவனாச்சும் இருப்பான், ஆடு மேய்க்கிறவங்கள விசாரிங்க. பெறகு திருப்பூருக்குக் கெளம்புங்க.