ஜிம்மி கார்ட்டர்: ஜார்ஜியா கவர்னர் அதிபரான கதை – கேள்வி பதில்

1976-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்ற ஜிம்மி கார்ட்டர், அதற்கு முன் ஜார்ஜியா மாநில கவர்னராக இருந்தவர். அவரைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

அமெரிக்க கவர்னர் என்றால் நம்மூர் ஆளுநர் மாதிரியா?

இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். மாநில நிர்வாகமே அவர் கையில். நம் முதலமைச்சரை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

முதல் முயற்சியிலேயே ஜெயித்தாரா?

1966-ல் கவர்னர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். கடைசியில் கவர்னரானவர், கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிவைக்கும் இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த லெஸ்டர் மேடக்ஸ். கார்ட்டர் அந்தத் தோல்வியால் மிகவும் நொந்துபோனார்.

1970-ல் மறுபடி கவர்னர் தேர்தலில் நின்றபோது வெள்ளை இனவாதிகளின் ஓட்டுக்காக வளைந்துகொடுத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அவரை மிகவும் மதிக்கிறேன், ஆனாலும் இதை மறைக்க மாட்டேன். பக்கத்து மாநிலமான அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் அன்று இனப் பிரிவினையை ஆதரித்தவர்களின் தலைவர். அவரை ஜார்ஜியாவுக்குப் பேச அழைப்பேன் என்று கார்ட்டர் வாக்குக் கொடுத்தார். எதிர்த்து நின்ற முன்னாள் கவர்னர் கார்ல் சாண்டர்ஸைப் பணக்காரர்களின் ஆள் என்று சாடினார். கிராமத்து வெள்ளையர்களின் ஓட்டு அவர் பக்கம் சாய்ந்தது.

அப்புறம் 1971 ஜனவரியில் பதவியேற்ற மேடையிலேயே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஓட்டுப் போட்டவர்களில் பலர் திகைத்துப் போயிருப்பார்கள். சொன்னதோடு நிற்கவும் இல்லை. அரசுப் பதவிகளில் கறுப்பினத்தவரை நிறைய நியமித்தார். 1974-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தைத் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மாட்டவைத்தார். இதெல்லாம் பெரிய காரியம். ஆனால் 1970-ல் அவர் ஓட்டுக் கேட்ட விதம் இதனால் நியாயமாகிவிடாது.

நிர்வாகத்தில் என்ன செய்தார்?

சுமார் 300 அரசு அமைப்புகளை 22 ஆகச் சுருக்கினார். ஃபிளிண்ட் ஆற்றில் வரவிருந்த அணையை 1973-ல் தடுத்தார். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வேலை.

ஒரே தடவை கவர்னராக இருந்தவரை நாடு எப்படி அறிந்தது?

அறியவே இல்லை, அதுதான் விசேஷம். தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க அன்றைய ஜார்ஜியா சட்டம் இடம் தரவில்லை. 1974-ல் கட்சியின் தேர்தல் பிரசாரப் பொறுப்பை வாங்கி ஊர் ஊராகப் போனார். அந்த டிசம்பரில் அதிபர் வேட்பாளராக அறிவித்தார், அடுத்த மாதமே பதவிக்காலம் முடிந்தது. செனட்டர்களான போட்டியாளர்கள் வாஷிங்டனையும் கவனிக்க வேண்டியிருந்தபோது, இவருக்கு முழு நாளும் பிரசாரம்தான். அயோவா மாநிலத்தில் ஆதரவாளர்களின் வீடுகளிலேயே தங்கினார். 1976 ஜனவரியில் அங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில், யாருக்கும் ஆதரவில்லை என்றவர்களே முதலிடம். ஆனால் வேட்பாளர்களில் முந்தியவர் கார்ட்டர். பத்திரிகைகள் அன்றிலிருந்துதான் அவரைத் துரத்த ஆரம்பித்தன.

அந்த வாலஸ் என்ன ஆனார்?

1972-ல் துப்பாக்கியால் சுடப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1976-லும் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டார். மார்ச் மாதம் ஃபுளோரிடா உட்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் கார்ட்டர்தான்.